கொய்னா மலை

எதை அவிப்பதானாலும் மீனம்மா முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். வேப்பம்பட்டையின் உட்புறத்தை நகத்தால் சுரண்டி, அந்தத் துகளை நுனிநாக்கில் ஒட்டி, இடக்கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்வாள். கசப்பு தொண்டைக்குள் இறங்கும்வரை யார் கூப்பிட்டாலும் பதில் வராது. பிறகு ஓரமாய்த் துப்பிவிட்டு, "ம், இது ஆகும்" என்பாள்.

தேயிலைத் தோட்டத்தில் ஆத்தாளிடமிருந்து ஒட்டிய பழக்கம் அது. எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளைக் கொளுத்தியபோது ஓடிவந்து, கிளிநொச்சிக் காட்டோரம் கொட்டில் போட்டவள். புருஷனைப் பாம்பு கொண்டுபோனபின் அவளுக்கென்று மிஞ்சியது மகள் கஜேந்தினி மட்டும். தான் கொழுந்தெடுத்த இடங்களை மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள்: கோயில் மலை, பங்களா மலை, கொய்னா மலை. அந்தக் கொய்னா மலை ஓரத்தில் தப்பி நின்ற கிழட்டு மரமொன்றின் பட்டையைத்தான் ஆத்தா காய்ச்சலுக்கு அவிப்பாளாம்.

"கொய்னா எண்டா ஆரம்மா?"

"எவனோ ஒரு வெள்ளக்காரத் தொரை."

தொண்ணூற்றுநாலு மாரியில் கஜேந்தினியை மலேரியா பிடித்தது. ஊர் மருந்தகத்தில் குளிசை இல்லை; புலிகளின் பகுதிக்கு மருந்து போகக்கூடாதென்று அரசாங்கம் போட்ட தடை. மீனம்மா உழவு மெசினில் தொற்றிப் புளியங்குளம் போய், அங்கிருந்து எல்லை கடந்து, இராணுவத்தின் பக்கமிருந்த வவுனியாவில் குயினைன் வாங்கினாள். திரும்பும் வழியில் இராணுவச் சாவடியில் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். சீப்பையும் ரிபனையும் திருப்பிக் கொடுத்தார்கள். குளிசையைக் கொடுக்கவில்லை.

"காய்ச்சல்ல கெடக்கிறவளுக்குச் சீவிச் சிங்காரிக்கவாடா?" என்று அவள் கேட்டது அந்தச் சிங்களச் சிப்பாய்க்கு விளங்கவுமில்லை.

அந்தக் கொதிப்போடு ஊருக்குள் வந்தால், பள்ளிக்கூட வேம்பின் கீழ் கூட்டம். விஞ்ஞானம் படிப்பிக்கிற விஜிதரன் மாஸ்டர், சைக்கிளில் கரும்பலகை கட்டி ஊரூராய்ப் போய் நாட்டு மருந்து பற்றிப் பேசுகிறவர். பலகை நிறைய எழுதியிருந்தார்.

"நிம்பின், நிம்பிடின், அசாடிராக்டின். பிறகு கெடுனின் எண்டொரு சாமான். சோதனைக் குழாயில அது மலேரியாக் கிருமியையே மடக்கிப்போடும். தடை போட்டா எங்களுக்கென்ன? வீட்டு முத்தத்திலயே ஆஸ்பத்திரி நிக்குது!"

சனம் கைதட்டியது. மீனம்மா முன்னுக்கு வந்தாள்.

"எம்புள்ள குழாயில இல்ல சார். பாயில கெடக்குது."

சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் அவர்களைக் கையமர்த்தினார். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா. பட்டை அவிச்சுக் குடுத்தனீங்களோ?"

"உரிச்ச உரிப்புல மரத்துக்குத்தான் இனிக் காய்ச்சல் வரும். வேம்பு நல்ல மரம், நான் இல்லன்னு சொல்லல. புண்ணுக்குப் போட்டிருக்கேன், அம்மைக்குக் கட்டியிருக்கேன். அதுக்காக, சாவடியில புடுங்கினத அது திருப்பிக் குடுக்குமா? புடுங்கினவன விட்டுட்டு மரத்துக்கு மால போடுறீங்க!"

"மனுசி மாஸ்டருக்கே வகுப்பெடுக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒன் வீட்டுல ஒருத்தி இப்புடிக் கெடந்தா நீயும் எடுப்படா!"

மாஸ்டர் சோக்கைச் சட்டைப்பைக்குள் போட்டார். "எனக்கும் தெரியும் அம்மா" என்றார், பலகையைப் பார்த்தபடி. "வேற என்னத்தைச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்ல." பலகையை வேம்போடு சாய்த்தபடியே விட்டுவிட்டுச் சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துப் போட்டார். "பிள்ளை எங்க? பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

அங்கே கொஞ்சம் குயினைன் மிச்சமிருந்தது. கஜேந்தினி பிழைத்தாள்; ஒரு காது மட்டும் மந்தமாகவே நின்றுவிட்டது. வீட்டுக்கென்று தந்த குளிசையில் ஒன்றை மீனம்மா ஆஸ்பத்திரியிலேயே வழக்கம்போல் நாக்கில் வைத்தாள். மூடிய இடக்கண் நெடுநேரம் திறக்கவில்லை.

"இந்தக் கசப்பு எனக்குத் தெரியும்."

"குளிசை எண்டாக் கசக்கும்தானே அம்மா" என்றாள் தாதி நேசமலர்.

"குளிச இல்லம்மா இது. எங்காத்தா அவிச்சது."

காய்ச்சல்காரியின் தாய் பிதற்றுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிற்பாடு தெரிந்தது: கொய்னா என்று எந்தத் துரையும் இருந்ததில்லை. குயினைனைத்தான் பழைய சனம் கொய்னா என்றது. அது சிங்கோனா மரத்தின் பட்டையில் இருப்பது. கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை பரவுவதற்கு முன் மலைகளில் அந்த மரத்தை நட்டார்கள். அதை நட்டு, பட்டை உரித்து, காயவைத்து, கப்பலுக்குச் சுமந்து அனுப்பியவர்கள் மீனம்மாவின் முப்பாட்டன்மார்.