சியாகுல்லித் தோட்டத்தில் பார்க்க வந்தவர்கள்

அண்ணன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போன பிறகு இத்தாலியின் பலெர்மோ நகரில் எனக்கென்று ஒருவரும் இருக்கவில்லை. நான் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் தங்கி வேலை செய்தேன். சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எண்பது வயதை நெருங்கிய அந்த அம்மாவுக்குச் சமைத்துக் கொடுப்பதும், வீட்டைத் துடைப்பதும், பின்னேரம் கையைப் பிடித்துப் பால்கனியில் கொண்டுபோய் இருத்துவதும்தான் என் வேலை. அது கஷ்டமாக இருக்கவில்லை. வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு. அதுதான் கஷ்டம்.

ஓய்வு நாட்களில் இலங்கையிலிருந்து வந்த எங்கள் தமிழ் ஆட்கள் ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்கு முன்னால் கூடி நிற்பார்கள். நானும் போவேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல ஓர் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். போய் நின்று கதை தொடங்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியாது. யாராவது கேட்டால் பதில் சொல்வேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளிடம் யார் என்ன கேட்பார்கள்?

அந்தக் காலத்தில்தான் சிஞ்ஞோராவின் மகன் பெயின்ட்போல் மைதானம் தொடங்கினார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தப் பெயரை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. நகரத்தின் ஓரத்தில், சியாகுல்லியில், அவர்களுக்கு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் ஒன்று இருந்தது. அதன் கீழ்ப்பகுதி நெடுநாளாகப் பராமரிப்பில்லாமல் அடர்ந்து கிடந்தது. அங்கே இரண்டு அணிகள் முகமூடியும் முழு உடுப்பும் போட்டுக்கொண்டு, காற்றால் சுடும் துவக்குகளோடு மரங்களுக்கிடையில் ஒளிந்து விளையாடும். துவக்கிலிருந்து வருவது சாயம் நிறைந்த சின்ன உருண்டை. மேலே பட்டால் உடைந்து சாயம் பிரளும். பட்டவர் கையை உயர்த்திக்கொண்டு தோட்டத்துக்கு வெளியே நடக்க வேண்டும். எதிர் அணியின் கொடியை எடுத்து வருகிறவர்கள் வென்றவர்கள்.

மகன் ஞாயிறுகளில் என்னைக் காரில் கூட்டிப்போவார். சாயம் பட்ட உடுப்புகளைத் தோய்ப்பதற்காக. சரிவின் மேலே, மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டிய கல் தொட்டி இருந்தது. அதன் கரையில் நின்று தோய்த்தால் கீழே மரவரிசைகளுக்கு இடையிலான ஒவ்வொரு பாதையும் தெரியும். இந்த மரத்தடியில் ஒருவர் குந்தியிருப்பார். அவரைத் தேடி இன்னொருவர் அடுத்த வரிசையில் தவழ்ந்துகொண்டிருப்பார். இருவருக்கும் மற்றவர் இருக்கும் இடம் தெரியாது. எனக்குத் தெரியும். உடுப்பைப் பிழிந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கிழமை முழுவதும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். விளையாடுகிறவர்கள் உடுப்பைத் தரும்போது "இண்டைக்கு எப்படி?" என்று கேட்பார்கள். அவர்கள் இத்தாலியனில் கேட்டதை எனக்கு வருகிற தமிழில்தான் எழுதுகிறேன். நான் பெருவிரலைக் காட்டுவேன். அவ்வளவுதான். ஆனால் கேட்டார்கள்.

மகனுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. கால்பந்தைப் போல இந்த விளையாட்டையும் ஒருநாள் சனம் வாங்கில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும், டெலிவிஷனில் காட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் இந்தக் கதை வந்தால் சிஞ்ஞோரா கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

"ஒளிச்சு விளையாடுறதை ஆர் பாக்கப் போகினம்? ஒளிக்கிறதே ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டுதானே!"

"நீங்கள் ஒருக்காலும் வந்து பாக்கேல்லை, அம்மா."

"நானே வரேல்லை எண்டால், வேறை ஆர் வருவினம்?"

பக்கத்துத் தோட்டக்காரர் அந்தக் கீழ்ப்பகுதியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். துப்பரவாக்கிப் புதிய மரம் நடப் போகிறாராம். ஈஸ்டர் வரைக்கும் பொறுப்பதாக சிஞ்ஞோரா மகனிடம் சொன்னார். அதற்குள் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டாவிட்டால் தோட்டம் பக்கத்துக்காரருக்கு. நான் பீங்கான்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். தோட்டம் போனால் என் ஞாயிறும் போய்விடும்.

ஈஸ்டருக்கு முந்திய மாதத்தில் மகன் கத்தானியா நகரத்திலிருந்து ஓர் அணியை அழைத்தார். உள்ளூர் டெலிவிஷனிலிருந்து ஒருவர் கமெராவோடு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் பலகை வாங்குகள் போட்டார்கள். உருண்டைகள் பார்ப்பவர்கள்மேல் படாமல் இருக்க, துறைமுகத்தில் வாங்கிய பழைய மீன்வலையை முன்னால் கட்டினார்கள். வாங்கு இருந்தது, வலை இருந்தது. இருந்து பார்க்கத்தான் ஆட்கள் இல்லை. மகனின் கூட்டாளிகள் எல்லோரும் விளையாடுகிறவர்கள்.

"ஸ்தாசியோனேக்கு முன்னாலை உங்கடை ஆக்கள் கூட்டமாய் நிக்கிறவை. அவையைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார் மகன்.

நான் தலையாட்டினேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

வியாழக்கிழமை போனேன். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அங்கே எப்போதும் நடுவில் நிற்பார். அவரைச் சுற்றித்தான் மற்றவர்கள் நிற்பார்கள். நான் இரண்டு தரம் கிட்டப் போய்த் திரும்பிவிட்டு மூன்றாம் தரம் வாயைத் திறந்தேன்.

"அக்கா, ஒரு விசயம்."

"அட, இவ கதைப்பாவே! நான் ஊமைப் பிள்ளையெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சனான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது.

"வாற ஞாயிறு சியாகுல்லியிலை ஒரு விளையாட்டுப் போட்டி. பாக்க ஆக்கள் வேணுமாம்."

"என்ன விளையாட்டு? வொலிபோலே?"

"துவக்காலை சுடுறது, அக்கா."

அக்காவின் புருசன் சிகரெட்டைக் காலால் மிதித்தார். "நல்ல விளையாட்டு! ஊரிலை சண்டையைப் பாக்கேலாதெண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். இஞ்சை வாங்கு போட்டுக் காட்டுறாங்களோ?"

"சாயம்தான், அண்ணை. பட்டால் உடுப்பிலை சாயம் பிரளும். தோய்ச்சால் போயிடும். நான்தான் தோய்க்கிறனான்."

அக்கா புருசனைக் கையால் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"தோய்ச்சால் போற சண்டையெண்டால் பாக்கலாம்," என்றார். "சாப்பாடு தருவினமோ?"

"மண்டரின் இருக்கும்."

"பழத்தைத் திண்டுகொண்டு நாள் முழுக்க இருக்கேலாது. சோறு நாங்கள் கட்டுவம்."

ஞாயிறு காலையில் அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெண்கள் கோயிலுக்கு உடுப்பதுபோலச் சீலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார்கள். போட்டி பார்க்கப் போவதென்றால் உடுத்திக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் பளபளத்தது. முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விளையாட்டுக்காரர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். மகன் ஓடி வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அக்கா அவரது கையைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, "நல்ல மனுசன் போலை கிடக்கு. கலியாணம் முடிச்சிட்டாரோ?" என்று கேட்டார். நல்லகாலம், அவருக்கு விளங்கவில்லை.

விசில் ஊதினார்கள். இரண்டு அணியும் மரங்களுக்குள் போய் மறைந்தன. பிறகு ஒன்றும் இல்லை. எங்கோ டப் டப் என்று சத்தம். ஒரு கிளை ஆடியது. வாங்கில் இருந்தவர்கள் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொடங்கீட்டுதோ?" என்றார் அக்கா.

"ஓம், அக்கா. அப்பவே."

"அப்ப ஆக்கள் எங்கை?"

"மரங்களுக்குப் பின்னாலை."

"எந்த மரம், பிள்ளை? இஞ்சை முழுக்க மரம்தானே!"

கமெராக்காரர் கமெராவைத் தரையில் வைத்துவிட்டுச் சிகரெட் பற்ற வைத்தார். மகன் கீழே நின்று எங்கள் வாங்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அக்காவின் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னேன். "அந்த வளைஞ்ச மரம் தெரியுதோ? அதுக்கு அடுத்த மரத்தடியிலை பாருங்கோ, ஒருத்தர் படுத்திருக்கிறார். கத்தானியாக்காரர்."

"ஐயோ, ஓம்! கால் தெரியுது!"

"அவரைத் தேடி எங்கடை பலெர்மோ ஆள் மற்ற வரிசையாலை வாறார். அவருக்கு இவர் படுத்திருக்கிறது தெரியாது."

அக்கா தன் பக்கத்துப் பெண்ணுக்குச் சொன்னார். அந்தப் பெண் அடுத்தவருக்குச் சொன்னாள். வாங்கு முழுவதும் எழுந்து நின்றது. "என்னவாம்?" "இப்ப எங்கை?" "பிள்ளை, கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லுமன்!" நான் சத்தமாகச் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். வலப்பக்கம் இரண்டு பேர், வாய்க்காலுக்குள் ஒருவர், கொடிக்குக் கிட்ட ஒருவர். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. எல்லா முகமும் என்னைத்தான் பார்த்தன. நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தன.

தமிழில் சொன்னால் கீழே நிற்பவர்களுக்கு விளங்காது என்பதால் எனக்குப் பயம் இருக்கவில்லை. பிள்ளைகளை நான் நினைக்கவில்லை. அவர்கள் அந்த ஊரிலேயே வளர்ந்தவர்கள். அக்காவின் மகள் வலையில் தொற்றிக்கொண்டு, "சினிஸ்த்ரா! சினிஸ்த்ரா!" என்று கத்தினாள். இடது பக்கம் என்று அர்த்தம். எங்கள் ஆள் சட்டென்று இடது பக்கம் திரும்பிச் சுட்டார். படுத்திருந்தவர் முதுகில் செம்மஞ்சள் சாயத்தோடு எழுந்து கையை உயர்த்தினார். வாங்கு ஆர்ப்பரித்தது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் கத்தத் தொடங்கினார்கள். வாய்க்கால்! கொடிக்குப் பின்னாலே! கத்தானியாக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார்கள். பெரியவர்கள் விசிலடித்தார்கள். கமெராக்காரர் சிகரெட்டை எறிந்துவிட்டுக் கமெராவைத் தூக்கினார். தோட்டத்தை அல்ல, எங்களை எடுத்தார்.

கத்தானியா அணித்தலைவர் முகமூடியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். "இது விளையாட்டில்லை, மீன் சந்தை!" என்றார். மகன் இரண்டு அணிகளுக்கும் நடுவில் நின்று கையைக் கூப்பாத குறையாக ஏதேதோ சொன்னார். பிறகு சரிவேறி எங்களிடம் வந்தார். அடுத்த ஆட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது, தயவுசெய்து, என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அக்காவுக்கு விளங்கவில்லை. "ஊரிலை கிளித்தட்டு விளையாடேக்கை 'பின்னாலை கிளி வருது' எண்டு கத்தாமல் ஆராவது பாத்திருக்கினமோ? வாயை மூடிக்கொண்டு பாக்கிறதுக்கு இதென்ன செத்தவீடோ?"

"செத்தவீட்டிலையும் நீ வாய் மூடுறேல்லை," என்றார் புருசன்.

இரண்டாவது ஆட்டத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். நானும்தான். கொஞ்ச நேரத்தில் ஒருவர் சோற்றுப் பார்சலைப் பிரித்தார். பிறகு எல்லோரும் பிரித்தார்கள். கத்தரிக்காய்க் கறி மணத்தது. பேச்சு வீட்டு வாடகைக்கும் குடியிருப்பு அனுமதிக்கும் போனது. கொடியை யார் எடுத்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. கமெராக்காரர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

அந்தக் கிழமை உள்ளூர்ச் செய்தியில் கொஞ்ச நேரம் காட்டினார்கள். சீலை கட்டிய பெண்கள் வலைக்குப் பின்னால் துள்ளுவதையும், அவர்களுக்கு நடுவில் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பதையும். விளையாட்டு ஒரு துளியும் வரவில்லை. சிஞ்ஞோரா பால்கனியிலிருந்து எழுந்து வந்து டெலிவிஷனுக்குக் கிட்ட நின்று பார்த்தார்.

"இது நீயா?"

"ஓம், சிஞ்ஞோரா."

"நீ இவ்வளவு கதைப்பியா?" என்றார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் மேசையில் இருந்த மண்டரினை உரித்துச் சுளைகளை வரிசையாக அடுக்கினார், சாப்பிடவில்லை.

ஈஸ்டரோடு கீழ்ப்பகுதி பக்கத்துக்காரருக்கென்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, வலையைக் கழற்றி மடிக்க மகன் என்னை உதவிக்கு வரச் சொன்னார். இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். அதில் இன்னும் மீன் மணம் இருந்தது. பாதி மடித்தபோது அவர் சொன்னார்.

"அந்த முதல் ஆட்டம் நல்லாய் இருந்தது. கீழே நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். கத்தானியாக்காரர் இனி வரமாட்டினம். எங்கடை ஆக்களும், சனம் கத்தினால் விளையாடமாட்டம் எண்டிட்டினம். கத்தாட்டி, சனம் சோறு திண்ணுது." கொஞ்சம் சிரித்தார். "இவ்வளவு நாளும் வந்து பாத்தது நீர் ஒராள்தான். நீர் கதைக்கிறேல்லை. அதாலை சரியாய் இருந்தது."

வலையின் முனையை அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த வியாழன் ஸ்தாசியோனேக்குப் போனேன். "சாயக்காரி வாறா!" என்று அக்கா கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தார். அடுத்த போட்டி எப்போது என்று கேட்டார்கள். இனி இல்லை என்றேன். "அநியாயம்" என்றார்கள். பிறகு அவர்கள் வேறு கதைக்குப் போனார்கள். அந்தக் கதையில் வந்தவர்களை எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். அது என்னுடைய பஸ் இல்லை. அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தேன்.

ஞாயிறுகளில் பிறகு வீட்டிலேயே இருந்தேன். கால்பந்து நாட்களில் எல்லா வீட்டு ஜன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நான் குசினியில் நின்று அதைக் கேட்பேன். அவ்வளவு பேரும் ஒரே பந்தைப் பார்க்கிறார்கள். அது எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. மகனுடைய விளையாட்டில் அது இல்லாமல் போயிற்று என்று நினைப்பேன். ஆனால் என்னைக் கேட்டால், தொட்டிக்கரையில் இருந்து பார்க்க அதைப்போல வேறு விளையாட்டு இல்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள், சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு தெருவோரம் நின்றேன். எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸின் ஜன்னலால் ஓர் இளம்பெண் தலையை நீட்டி, "சினிஸ்த்ரா! சினிஸ்த்ரா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். உயரமாக வளர்ந்திருந்தாள். அக்காவின் மகள் என்று அடையாளம் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கூப்பிட்டு ஏதாவது சொல்ல நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினேன். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் கையை இறக்கி, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.