டிக்கி யாருடைய நாய்

அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் செய்யும் லேபில் இருபது வருட வேலை. பற்களை ஒவ்வொன்றாக மெழுகில் பதித்து, முகம் தெரியாத யாரோ ஒருவரின் சிரிப்பைச் செய்து முடிப்பாள். கணவர் தொலைதூரப் பேருந்தின் டிரைவர். இரண்டு நாள் சாலையில், இரண்டு நாள் வீட்டில். பிள்ளைகள் இல்லை.

இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் டிரைவர் விடைபெறும் விதம் ஒன்றே ஒன்றுதான். ஷூ கயிற்றை இழுத்துக் கட்டி, பாதி உடம்பு வாசலுக்கு வெளியே போன பிறகு, “வரேன்” என்பார். பல்லம்மா அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை, நாய் வரும்வரை.

நாய் பேருந்தின் டிக்கியில் வந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் மூட்டைகளை எடுத்துக்கொண்டு போன பின், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் மிஞ்சியது. உள்ளே பழுப்பு நிறத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது ஓர் உயிர். டிரைவர் இரண்டு நாள் டெப்போவில் வைத்துப் பார்த்தார். தேடி யாரும் வரவில்லை. டிக்கி என்று பெயர் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

சோறு போட்டது பல்லம்மா. காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போனது, காதில் சொட்டு மருந்து விட்டது, ஈரம் துடைத்தது எல்லாமே அவள்தான். ஆனால் நாய் டிரைவருடையது. அவர் கிளம்பும் நாளில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, “ரெண்டே நாள்டா தங்கம். அப்பா ஓடி வந்துடுவேன். அழக்கூடாது, என்ன?” என்று பத்து நிமிடம் கொஞ்சுவார். பல்லம்மா அடுப்படியில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்பாள். தங்கமாம்! அவர் வாயில் அப்படி ஒரு சொல் இருப்பதே நாய் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

வழியில் வண்டியை நிறுத்தி போன் செய்தால் முதல் கேள்வி, “டிக்கி சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன், கேக்காட்டியும் சொல்லிடறேன்.”

நாய் அவருடைய பழைய யூனிபார்ம் சட்டைமேல்தான் தூங்கும். ஒருநாள் பல்லம்மா அந்தச் சட்டையை எடுத்து இரண்டு மடங்கு சோப்புத்தூள் போட்டு, வாசனை போக அலசி, பால்கனியில் காயப்போட்டாள். அழுக்கு என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், நாய் கொடிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. சட்டையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக அதன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. நகரவே இல்லை. பல்லம்மாவுக்குக் கூசிப்போயிற்று. அதையும் மீறி வயிறு எரிந்தது.

உண்மையான தொல்லை அவள் லேபுக்குப் போனதும்தான் ஆரம்பிக்கும். டிரைவரும் இல்லாமல் அவளும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் டிக்கிக்குப் பித்துப் பிடித்துவிடும். ஊளையிடும், கதவு நிலையைக் கடித்துத் துப்பும், கால்மிதியை நனைக்கும். ஒருநாள் நகம் பிய்ந்து, கதவெல்லாம் ரத்தக் கோடு. கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் மேலே வந்தாள். “அக்கா, நான் கணக்கு சொன்னா உங்க நாய் பதில் சொல்லுது. பசங்க சிரிக்கிறாங்க. என்னால முடியலை.” வீட்டுக்காரரும் இரண்டு மாதம் கெடு வைத்துவிட்டார். அதற்குள் நாயின் சத்தம் அடங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். நகத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பேசினாள். “இது சேட்டை இல்லைம்மா, பயம். திட்டினா இன்னும் பயப்படும். வெளிய போறதைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. சாவியை எடுங்க, போகாதீங்க. கதவைத் திறங்க, உடனே மூடுங்க. அப்புறம் ஒரு நொடி, அஞ்சு நொடின்னு வெளிய நில்லுங்க. அது பதறறதுக்கு முன்னாடி திரும்பி வந்துடணும். பழகி முடியற வரைக்கும் நிஜமாவே தனியா விடவே கூடாது. முக்கியமா ஒண்ணு. போறப்ப கொஞ்சறது, வர்றப்ப ஆர்ப்பாட்டம், ரெண்டும் வேண்டாம்.”

பல்லம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கொஞ்சவே கூடாதா டாக்டர்?”

“கிளம்பற நேரத்துல கூடாது.”

இந்தத் தீர்ப்பை அவள் வழியெல்லாம் மென்று ருசித்தபடி வீட்டுக்கு வந்தாள். டிரைவர் கேட்டுவிட்டு முகம் வாடினார். “அதெப்படி சொல்லாம கொள்ளாம போறது? மனசு கேக்குமா?”

“எங்கிட்ட இருபத்தேழு வருஷமா அப்படித்தானே போறீங்க. அப்ப மட்டும் மனசு கேட்டுச்சா?”

அவர் குனிந்து நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார்.

லேப் முதலாளியிடம் கெஞ்சி, மெழுகு வேலையை ஆறு வாரத்துக்கு வீட்டுக்கே வாங்கி வந்தாள். சாப்பாட்டு மேசை முழுக்கச் சாந்தில் வார்த்த ஈறு அச்சுகள், மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, வரிசை வரிசையாகப் பற்கள். நாலு பல் பதிப்பாள். எழுந்து சாவியைக் குலுக்குவாள். திரும்ப உட்காருவாள். செருப்பைப் போட்டுக்கொண்டு அடுப்பில் பால் வைப்பாள். டிக்கி முதலில் ஒவ்வொரு தடவையும் துள்ளி எழுந்தது. நாலாம் நாள் சாவிச் சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் தூக்கியது.

அப்புறம் படிக்கட்டு. கையில் கடிகாரத்தோடு பூட்டிய கதவுக்கு வெளியே நின்றாள். டீச்சர் பார்த்துவிட்டுக் கேட்டாள், “யாருக்காவது காத்திருக்கீங்களா அக்கா?”

“இல்லம்மா, வெளியூர் போயிருக்கேன். இன்னும் இருபது நொடியில வந்துடுவேன்.”

மூன்றாம் வாரம் பதினைந்து நிமிடத்தைத் தொட்டாள். அந்த வாரம்தான் டிரைவர் மோசம் செய்தார். கிளம்பும் காலையில் பல்லம்மா குளித்துவிட்டு வந்தால், மனுஷன் தரையில் உட்கார்ந்து நாயின் நெற்றியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் போனதும், அவள் பக்கத்தில் இருக்கும்போதே டிக்கி கதவடியில் மூக்கை வைத்து அழுதது. பதினைந்து நிமிடம் மறுபடி அரை நிமிடத்துக்கு இறங்கியது.

இரண்டு நாள் கழித்து அவர் வந்ததும் பிடித்துக்கொண்டாள். “மூணு வாரம் நான் படியில நின்னது உங்களுக்கு விளையாட்டா?”

டிரைவர் தொப்பியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். “தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லவா? நான் போறப்ப வருத்தப்படற ஒரே ஜீவன் அதுதான். அதைப் பார்க்காம என்னால வண்டி எடுக்க முடியலை.”

“ஒரே ஜீவனா?”

“நீ என்னைக்காவது அழுதிருக்கியா?”

“கல்யாணமான முதல் வருஷம் பூரா. குழாயைத் திறந்து விட்டுட்டு, பாத்ரூம்ல.” அவள் குரல் இறங்கியது. “எனக்கு ஊளையிடத் தெரியலை. அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் ஏமாற்றவில்லை. கிளம்பும் நேரத்தில் நாய்ப் பக்கம் திரும்பாமல், யாரோ துரத்துவதுபோல இறங்கிப் போனார்.

பல்லம்மா மறுபடியும் ஒரு நொடியிலிருந்து தொடங்கினாள். வேகவைத்த முட்டையை மசித்து ஓட்டையுள்ள ரப்பர் உருண்டைக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அரை மணி, ஒரு மணி. ஆறு வாரம் முடிகிறபோது இரண்டு மணி நேரம். முதலாளியிடம் மேலும் இரண்டு வாரம் கேட்டு வாங்கி நாலு மணி நேரமாக்கினாள். வீட்டுக்காரர் கெடுவைப் பற்றிப் பேச்செடுப்பதை விட்டுவிட்டார்.

காலையில் மட்டும் லேபில், மீதி வேலை வீட்டில் என்று முதலாளியிடம் பேசி முடித்து, லேபுக்குத் திரும்பிய அன்று பழைய போனை அலமாரியில் சாய்த்து, வீட்டைப் படம்பிடிக்க வைத்துவிட்டுப் போனாள். மதியம் வந்து பார்த்தாள். நாய் கதவுவரை போகிறது, முகர்கிறது, பெருமூச்சு விடுகிறது. திரும்பி வருகிறது. சட்டையைத் தாண்டி, மேசைக்கடியில், அவள் உட்காரும் நாற்காலியின் காலில் முதுகைச் சாய்த்துச் சுருண்டுகொள்கிறது.

அதைப் பதினொரு முறை போட்டுப் பார்த்தாள். டிரைவரிடம் காட்டக்கூடாது என்று மூன்று நாள் பொத்தி வைத்தாள். நாலாம் நாள் காட்டியே விட்டாள்.

“என் சட்டை பக்கத்துலயே கிடக்கு. திரும்பிக்கூட பார்க்கலை” என்றார்.

“அடடா” என்றாள் பல்லம்மா, கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

அந்த வெற்றி இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. சத்தம் நின்றதில் மனம் குளிர்ந்த டீச்சர், மதியங்களில் நாயைத் தன் வீட்டுக்கு அழைக்கத் தொடங்கினாள். கணக்குச் சரியாகப் போடும் பிள்ளை டிக்கிக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கலாம். இப்போது மூன்று மணி ஆனால் நாய் கதவருகே போய் வாலாட்டி நிற்கிறது. கதவைத் திறந்துவிட்டால் யாரையும் திரும்பிப் பார்க்காமல் படியில் உருண்டோடுகிறது.

டிரைவர் வீட்டிலிருந்த ஒரு விடுமுறை மதியம், கணவனும் மனைவியும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றார்கள். கீழே பிள்ளைகளின் சிரிப்பு. “யாரு என் தங்கம்? யாரு?” என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்படி என்ன பிஸ்கட் போடறா?” என்றார் டிரைவர்.

“பேசாம இருங்க” என்றாள் பல்லம்மா. “அவ இன்னும் என்னென்ன சொல்லிக் கொஞ்சறான்னு கேக்கணும்.”