சம ஓட்டு

உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது அம்மா நின்றாள். எங்கள் தெருவில் நாங்கள் இருக்கும் கீழ வரிசைக்கு மட்டும் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. அதைக் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாள். எதிர்த்து நின்றது மேல வரிசை அத்தை. சொந்தமில்லை, பழக்கத்தில் அத்தை.

ராஜபாளையத்தில் எண்ணிக்கை. அம்மாவுக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இரண்டு பேருக்கும் சம ஓட்டு. மறுபடி எண்ணியும் சமம்.

"இனி குலுக்கல்தான்" என்றார் அதிகாரி.

வீடு வீடாக ஏறி இறங்கியதையெல்லாம் ஒரு துண்டுத் தாளா முடிவு செய்வது? அவர் இரண்டு சீட்டையும் ஒரே மாதிரி மடித்து டப்பாவில் போட்டுக் குலுக்கினார். கையை விடப்போனதும் இரண்டு பக்கமும் கூச்சல்.

"சார், நீங்க எடுக்காதீக!"

"அப்ப யார்தான் எடுக்கிறது?"

ஒருத்தரும் வரவில்லை. எடுத்தவன் பொறவு பாதி ஊரின் முகத்தில் முழிக்க முடியாது. டீ கொண்டுவந்தவர்கூட, "நான் செட்டியார்பட்டிக்காரன், எனக்கு எதுக்கு சார் இந்த வம்பு?" என்று நழுவிவிட்டார்.

அத்தை அம்மாவைப் பார்த்தார். "ஏட்டி, நீயே எடு. நான் எடுத்து எம் பேரு வந்தா, மந்திரிச்சு எடுத்துட்டேன்னு நாளைக்கு நீங்கதான் பேசுவீக."

அதிகாரியும் சரி என்றார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. என்னிடம் நீட்டினாள்.

"என்னலே போட்டிருக்கு?"

முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. சீட்டை இன்னொரு தடவை பார்த்தேன்.

"ஏலே, ஒங்கம்மா பேரை வாசிச்சிராத!" அத்தை வீட்டு மாமா அதட்டினார்.

அத்தையின் பேரை வாசித்தேன். அதிகாரி சீட்டை வாங்கி எல்லாருக்கும் காட்டினார்.

வெளியே அத்தைக்கு மாலை போட்டார்கள். போயிரலாம் என்று அம்மா கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நேரே அத்தையிடம் போனாள்.

"மதினி, எங்க வரிசைக்குக் குழாய்..."

மாமா குறுக்கே வந்தார். "ஓட்டுப் போடாதவுகளுக்கு எதுக்குத் தண்ணி?"

"அண்ணே, என் கையில இன்னொரு சீட்டு வந்திருந்தா இப்ப நீங்க எம்முன்னால நிப்பீக. ஒங்க வரிசைக் குழாயை அடைச்சிருவேனா நான்?"

மாலை போட வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அத்தை மாலையைக் கழற்றி மாமா கையில் கொடுத்தார்.

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க. ஏட்டி, ஒங்க வரிசையில எம்புட்டு வீடு?"

"இருங்க, எண்ணிச் சொல்லுதேன்" என்று அம்மா தெருவின் கடைசி வீட்டிலிருந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.