சமாதானம் சொன்ன கை

மகளுக்கு நான் கற்றுத் தந்தது சுத்தமா, அருவருப்பா?

கையைக் கழுவியும் மனம் அழுக்காக இருக்கலாம் என்ற நற்செய்தியைத்தான் அன்று சாந்தோம் கோயிலில் வாசித்தார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம், முன்வரிசை டாக்டரம்மாவுக்குக் கை கொடுத்தேன். பிறகு பக்கத்திலிருந்த, பட்டினப்பாக்கத்தில் எங்களுக்கு மீன் விற்கும் அக்காவுக்குக் கொடுத்தேன். உடனே என் ஐந்து வயது மகள் என் கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்து நீட்டினாள்.

"மீன் ஆன்ட்டிய தொட்டா போட்டுப்பியேம்மா!"

"இன்னா கண்ணு, குளிச்சிட்டுதான வந்தேன்!" என்று அக்கா சிரித்தார். ஆனால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மாவைத் தொட்டபோது மகள் பாட்டிலைத் தேடவில்லை. அந்த வித்தியாசத்தை அவள் என்னைப் பார்த்துத்தான் படித்திருக்கிறாள். பூசை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகளை மன்னிப்புக் கேட்கச் சொன்னால், பழி அவள்மேல் விழும். அவள் எதிரில் நானே கேட்டால், அக்காவுக்கு மறுபடியும் வலிக்குமோ? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.