வாப்பா ஏறாத மாடிப்படி

போன பெருநாளுக்கு என் மகள் தன் வாப்பாவுக்கு, என் கணவருக்கு, ஒரு மருதமுனைக் கைத்தறிச் சாரன் வாங்கி வைத்திருந்தாள். தெஹிவளையில் அவள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீட்டில் வைத்துத்தான் பொதியைப் பிரித்தோம். இவர் சாரனின் கரையையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதைப் பறித்து முகத்தில் வைத்துக்கொண்டேன். புதுநூலும் கஞ்சியும் கலந்த அந்த மணம்! "உம்மா, அது உடுக்கிற சாமான், மணக்கிற சாமான் இல்ல" என்றாள் மகள். அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த மணத்துக்கு மேலே வருடக்கணக்கில் குடியிருந்தவள் நான்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை பஸாரில், பஸ்கள் நின்று போகும் தெருவில், ஒரு சாரன் கடை இருந்தது. கீழே கடை, மேலே இரண்டு சின்ன வீடுகள், முன்னால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பல்கணி. இடப்பக்க வீட்டில் நாங்கள். மழை நாளில் கடைக்காரர் சரக்குகளை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தினால், கஞ்சி மணம் பலகைத் தளத்தின் இடுக்குகளால் ஏறி எங்கள் சோற்றுப் பானைக்குள்ளும் வந்துவிடும். கலியாண வீடுகளுக்குப் போனால் பெண்கள் என் முந்தானையைத் தொட்டுப் பார்ப்பார்கள். "என்ன புள்ள, புதுச் சீலையா?" நான் ஓம் என்று தலையாட்டிவிடுவேன். அது எத்தனையாவது தடவை தோய்த்த சீலை என்று எனக்குத்தான் தெரியும்.

இதை வாசிக்கிற நீங்கள் எங்கள் பக்கத்தவராக இல்லாவிட்டால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்களில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு. வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வாடகை வீடு என்பது வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த உத்தியோகத்தர்களுக்கானது. ஊர்ப் பெண் ஒருத்தி கூலி வீட்டில் இருக்கிறாள் என்றால், அவளுடைய வாப்பாவுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வாப்பாவுக்கு நடந்தது சூறாவளி. ஒலுவிலில், கடலுக்கு நெருங்கிய எங்கள் தென்னங்காணியில் எனக்கென்று வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர்கள் கூரை மட்டத்துக்கு வந்திருந்தன. ஒரே இரவுக் காற்றில் சுவர் விழுந்தது, தென்னைகள் விழுந்தன, நாங்கள் இருந்த பழைய வீட்டின் ஓடுகளும் போயின. நிக்காஹ் நாள் அதற்கு முன்பே குறித்தாகிவிட்டது. அதைத் தள்ளிப்போட வாப்பா சம்மதிக்கவில்லை. சாச்சாவின் வீட்டில் வைத்துக் கலியாணத்தை முடித்தார். பிறகு எங்களை எங்கே வைப்பது? வாப்பாவும் உம்மாவும் தம்பிமாரும் தென்னோலைக் கிடுகால் சார்த்திய ஒரு கொட்டிலில் படுத்தார்கள். இவருக்கோ கல்முனையில், நீர்ப்பாசனக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் வேலை. அங்கேயே மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"போங்க மகள். ஆனா ஒண்டு, அந்தக் கூலி ஊட்டுப் படிய நான் ஏறமாட்டன். ஒங்கட ஊட்டக் கட்டி முடிச்சுத்தான் ஒங்கட வாசலுக்கு வருவன்."

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் வாப்பாவை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அவருக்கு நாவிதன்வெளியில் வயல் இருந்தது. ஒலுவிலிலிருந்து வயலுக்குப் போகக் கல்முனையில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். திரும்பும்போதும் அப்படித்தான். முதல் தடவை அவருடைய குரல் கேட்டுப் பல்கணிக்கு ஓடினேன். எதிரே தேத்தண்ணிக் கடை வாசலில், கையில் எருமைத் தயிர் முட்டியோடு நின்றார். "மகள், ஒரு கூடையக் கட்டி இறக்குங்க" என்றார். "மேல வாங்க வாப்பா" என்றேன். அவர் தயிர் முட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். நான் கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பிரம்புக் கூடையில் கட்டி இறக்கினேன்.

முடிச்சுப் போடுவதில் நான் கெட்டிக்காரி இல்லை. கூடை பாதி வழியில் சரிந்தது. அந்த முழு முட்டித் தயிரும் கடை வாசலில் விரித்துத் தொங்கவிட்டிருந்த வெள்ளைச் சாரன்களில் கொட்டியது. கடைக்காரர் வெளியே வந்து, முதலில் சாரன்களைப் பார்த்தார், பிறகு வாப்பாவைப் பார்த்தார், பிறகு மேலே என்னைப் பார்த்தார். "நல்ல தயிரா இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதர் அன்று ஏசியிருந்தால் நான் அடுத்த நாளே ஒலுவிலுக்கு ஓடியிருப்பேன்.

அதற்குப் பிறகு முடிச்சுப் பழகிவிட்டது. கூடையில் புடலங்காய் வந்தது, உம்மா பொரித்த மீன் வாழை இலையில் சுற்றி வந்தது, புது அரிசி வந்தது. எங்கள் கதைபேச்சு முழுக்கத் தெருவிலிருந்து பல்கணிக்கும், பல்கணியிலிருந்து தெருவுக்கும்தான். "மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமா?" என்று வாப்பா கேட்பார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருக்கிற யாராவது, "நேத்தே கந்தோருக்குப் போய்த்தாரு காக்கா" என்பார்கள். அந்தத் தெருவுக்கே வாப்பா 'காக்கா', மூத்த அண்ணன். உம்மாவின் முழங்கால் வலி, தம்பியின் பள்ளிக்கூடச் சோதனை, இந்தப் போக மழை, எல்லாம் அந்தத் தெருவுக்குத் தெரியும். வாப்பா ஒவ்வொரு முறையும் போகும்போது, வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். "அத்திவாரம் திரும்ப போட்டாச்சு." "நிலை வெச்சாச்சு." பஸ் சத்தத்தில் நான் கையைக் காதில் வைத்துக் கேட்பேன். கேட்டுச் சிரிப்பேன். சிரிப்பு முழுமையானதுதானா என்று அப்போது யோசித்ததில்லை.

ஏனென்றால், அந்த இரண்டு அறைகளை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. தண்ணீரைக் கீழே கிணற்றடியிலிருந்து சுமந்து ஏற வேண்டும். குசினியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கதவின் திறப்பு என் முந்தானை முடிச்சில் இருந்தது! உம்மா இல்லை, மாமி இல்லை, சோறு குழைந்தால் கேட்க ஆளில்லை. மச்சான் (இவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கந்தோருக்குப் போன பிறகு பல்கணியில் நின்று பார்ப்பேன். அக்கரைப்பற்றிலிருந்து, நிந்தவூரிலிருந்து, சொறிக்கல்முனையிலிருந்து வந்த பஸ்கள் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போகும். கந்தோருக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்து ரீச்சர்மார், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், சந்தைக்கு மரக்கறி கொண்டுவருகிறவர்கள். பின்னேரம் எல்லோரும் போய்விடுவார்கள், தெரு காலியாகும். கடல் காற்று அப்போதுதான் உள்ளே வரும். காலையில் வந்து மாலையில் போகும் அந்த ஊரில் தங்கிவிட்டவர்கள் நாங்கள் என்பதில் எனக்கொரு பெருமை.

வலப்பக்க வீட்டில் பூமணி அக்கா இருந்தார். திருக்கோவில் ஆள், ஆஸ்பத்திரியில் மிஸி. தாதி உடுப்போடு அவர் படியிறங்கினால் கடைக்காரர்கூட எழுந்து நிற்பார். ஒரு நாள் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்க இப்பிடி நெடுகலும் பஸ்ஸப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கா படிச்சனீங்க?"

அடுத்த கிழமை பின்தெருவில் இருந்த டைப்பிங் வகுப்பில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மச்சான் மறுக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் நானே அங்கே படிப்பிக்கத் தொடங்கினேன். நாவிதன்வெளியிலிருந்தும் சொறிக்கல்முனையிலிருந்தும் பஸ் ஏறி வந்த பெண்பிள்ளைகள் என்னை 'ரீச்சர்' என்றார்கள். முதல் தடவை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

பிறகு நான் பிள்ளைத்தாய்ச்சியானேன். வாப்பா அதே இடத்தில் நின்று, முருங்கைக்கீரையும் நாட்டு முட்டையும் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து கயிற்றை இழுப்பதைப் பூமணி அக்கா பார்த்துவிட்டார். என் கையிலிருந்து கயிற்றைப் பறித்தார். பல்கணியில் சாய்ந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"என்ன காக்கா, பேரப்புள்ள பொறந்தாலும் இந்தக் கூடைக்குள்ள வெச்சுத்தான் இறக்கிக் காட்டுறதோ?"

தேத்தண்ணிக் கடை முழுவதும் சிரித்தது. வாப்பா சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அப்போது வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பிறகு அவர் வரவில்லை. வயலுக்கும் வருவதாகத் தெரியவில்லை. நான் தினமும் பல்கணியில் நின்றேன். பூமணி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதலில் கேட்பது, "காக்கா வந்தவரா?" என்பதுதான். "என்ட நாக்கு என்ட பேச்சக் கேக்கிறல்ல" என்று தன்னையே ஏசிக்கொள்வார். ஆள் அனுப்பிக் கேட்டபோது உம்மா சொல்லிவிட்டாள், வாப்பா புது வீட்டுக் கூரையில் ஏறி நிற்கிறாராம். தச்சனோடு சேர்ந்து, வெயிலில், சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல்.

ஒரு நாள் பகல், லுஹர் தொழுகை நேரம், கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாப்பா. முதல் தடவையாக அந்தப் படியை ஏறி வந்திருந்தார். முகம் கறுத்துக் காய்ந்திருந்தது. கைகளில் சீமெந்து பட்ட வெடிப்புகள்.

"ஊடு முடிஞ்சிட்டு மகள். சாமானக் கட்டுங்க."

நான் அவரை உட்கார வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பல்கணிக்குப் போய், தான் இத்தனை காலம் நின்ற இடத்தை மேலிருந்து பார்த்தார். கீழே யாரோ, "காக்கா ஏறிட்டாரு!" என்று கத்தினார்கள். கடைக்காரர் வெளியே வந்து கையைக் காட்டினார். வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல காத்து வருது இஞ்ச" என்றார். அந்த நேரம் பார்த்து நான் அழத் தொடங்கினேன். சந்தோசம் என்று நினைத்திருப்பார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒலுவில் வீடு அழகான வீடு. சீமெந்துத் தரை, பெரிய குசினி, பின்னால் கடல் சத்தம். அங்கிருந்துதான் பிள்ளைப்பேற்றுக்குப் போனேன், மகளோடு அங்கேதான் திரும்பினேன். மச்சான் தினமும் பஸ்ஸில் கல்முனைக்குப் போய்வந்தார். மாடி வீட்டை இன்னும் விடவில்லை, சாமான் கொஞ்சம் அங்கே கிடந்தது. பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்தது. ஒரு நாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு திண்ணிய தலையணையில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. டைப்பிங் மெசினில் விரல் போகிற வரிசையில் தட்டியிருக்கிறேன். வாப்பா வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

அன்று பின்னேரம் உம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "புள்ளட மனம் இஞ்ச இல்ல. நாம கட்டின ஊடு நமக்கு இருக்கட்டும்."

உம்மா ஏசினாள். ஊர் என்ன சொல்லும் என்றாள். "ஊர் கூரை மேஞ்சு தந்ததா?" என்றார் வாப்பா. மறுநாள் காலையில் தொட்டிலைத் தானே தூக்கிப் பஸ்ஸின் மேல் கட்டினார். கல்முனையில் இறங்கி அதைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறினார். பூமணி அக்கா மேல்படியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார். அவர் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் என் மனதில் நல்ல வருடங்கள். நான் வகுப்புக்குப் போகும் நேரம் மகளைப் பூமணி அக்காவோ, வயலுக்குப் போகும் வழியில் வாப்பாவோ பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் பல்கணியில் இருந்து பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் பற்றி வம்பு பேசுவார்கள். விடுமுறைக்கு நாங்கள் ஒலுவிலுக்குப் போவோம். இப்படியே இருக்கும் என்று நினைத்தோம்.

எண்பதுகளின் நடுவில் தமிழ் ஊர்களுக்கும் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் பிரச்சினை வந்தது. முதலில் பின்னேர பஸ்கள் நின்றன. பிறகு டைப்பிங் வகுப்புக்குச் சொறிக்கல்முனைப் பிள்ளைகள் வருவது நின்றது. பிறகு ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகவே ஆட்கள் பயந்தார்கள். ஒரு காலையில் பூமணி அக்காவின் தம்பி வான் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா ஒரு சூட்கேஸை மட்டும் எடுத்துக்கொண்டார். மகளைத் தூக்கி முகமெல்லாம் முத்தமிட்டார்.

"ரெண்டு கிழமையில வந்திருவன். கதவப் பூட்டல்ல, சும்மா சாத்தித்துப் போறன். பாத்துக்கொள்ளுங்க."

"ஓம் அக்கா" என்றேன்.

நான் தினமும் அந்த அறைகளைக் கூட்டினேன். அவர் வரவில்லை. பிறகு வாப்பா வந்து, இந்த முறை தானே, ஒலுவிலுக்கு எங்கள் சாமான்களைக் கட்டினார். நானும் கூடவே கட்டினேன்.

பிற்காலத்தில் திருக்கோவிலில் விசாரித்தோம். வெளிநாட்டில் தம்பியிடம் போய்விட்டார் என்றார்கள். எந்த நாடு என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மாடிக் கட்டடத்தை இடித்துக் கண்ணாடி வைத்த ஒரு கடை கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பல்கணி இல்லை. டைப்பிங் வகுப்பு இருந்த தெருவை எனக்கு இப்போது சரியாக அடையாளம் காட்டத் தெரியாது.

ஒலுவிலில் கடல் சில வருடங்களாக நிலத்தைத் தின்றுகொண்டு வருகிறது. முதலில் எங்கள் பின்வளவுத் தென்னைகள் சரிந்தன. பிறகு கிணறு போயிற்று. ஒரு வருடம் குசினிச் சுவர் மட்டும் தனியாக நின்றது. அடுத்த வருடம் போனபோது அந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. சூறாவளிக்குப் பிறகு வாப்பா இரண்டாம் தரம் கட்டிய வீடு அது. மூன்றாம் தரம் கட்ட அவர் இல்லை. கடல் வாசலுக்கு வருவதற்கு முன்பே அவர் மௌத்தாகிவிட்டார். அதற்கு மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொள்கிறேன்.