தட்டும் சத்தம்

புக்கிட் பெருவாங் ஃபிளாட்டுக்குக் குடிவந்த அன்றே மாடிப்படியின் இரும்புக் கதவு காற்றில் டமாரென்று அறைந்தது. செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா, தொண்ணூறுகளில் கிளேபாங் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் மாலுமிகளுக்குக் கப்பல் தீயை அணைக்கச் சொல்லிக்கொடுத்தார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். பயிற்சிக்காகக் கப்பல் அறைபோலக் கட்டிய இரும்பு அறைக்குள் டீசல் எரியும். என் மூக்கெல்லாம் கரி படியும்.

"தண்ணி ஏறுனாலும் நெருப்பு வந்தாலும் மொதல்ல கதவச் சாத்து," என்பார்.

"உள்ள ஆள் இருந்தா, சார்?" என்று பயிற்சிக்கு வந்த ஒருவன் கேட்டான்.

"இருந்தாலும் சாத்து லா. இல்லன்னா கப்பலோட எல்லாரும் போயிடுவோம்."

அப்படிச் சொன்னவர், எங்கள் வீட்டில் ஒரு கதவையும் சாத்தவிட மாட்டார். குளியலறைக்குக்கூடத் துணித்திரைதான். அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

ஏன் என்று அவருடைய கடைசி வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. படுக்கையில் கிடந்தபடி, "உள்ள மாட்டுனவங்க தட்றாங்கம்மா, தொறந்து விடு," என்று என்னிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தார். வாசல் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது.

"தொறந்துட்டேம்ப்பா," என்றேன்.

கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டார்.

"இல்லம்மா. இன்னும் தட்றாங்க."