திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரு பாட்டில் தண்ணீர்

தூத்துக்குடியில் காலை எட்டரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கிய எனக்குத் திருச்செந்தூரில் ஒரு கல்யாணம். இன்னும் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். டிக்கெட் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: கடல் பார்க்கலாம் என்று இடதுபக்க ஜன்னலுக்குச் சண்டை போடாதீர்கள். கடல் தெரியாது. உப்பளம்தான் தெரியும்.

நான் சண்டை போட்டுத் தோற்று, அந்த ஜன்னலுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். முன்சீட்டில் அந்த ஜன்னலோரத்தில் ஒருவர் சாய்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தோள் அகலம் பார்த்தால் உழைத்த உடம்பு. ஆனால் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன, உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு துணிப்பை.

ஊரைத் தாண்டியதும் உப்புக் குவியல்கள் வரிசையாக வந்தன. வெள்ளை வெயிலில் வெள்ளைக் குவியல். கண்ணைத் திறக்க முடியவில்லை. பாத்திகளில் ஆண்களும் பெண்களும் வெறுங்காலோடு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் மெதுவாகத் திரும்பி, “ரோசம்மா, தண்ணி” என்றார்.

“செத்த பொறுங்க. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுக் குடுக்கேன்” என்றாள் அவள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. என்னம்மா உடம்புக்கு என்று கேட்டேன்.

“வயித்தால போகுதுண்ணாச்சி. ராத்திரி முச்சூடும் போச்சு, தண்ணி தண்ணியா. காலைலருந்துதான் நின்னுட்டு.” நின்றுவிட்டது என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அவர் பெயர் சூசை. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஆள். சங்கு எடுக்கும் மாதங்களில் தூத்துக்குடியில் தங்கிக்கொள்வார். சொந்த ஊர் திருச்செந்தூருக்கு அடுத்த ஆலந்தலை. தூத்துக்குடியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன். “திருச்செந்தூர் டாக்டரம்மாவுக்குக் கைராசி உண்டும். எங்க ரெண்டு பிள்ளையளயும் அவுகதான் பொழைக்க வச்சாக.”

முக்காணிப் பாலம் வந்தது. கீழே தாமிரபரணி. கோடையிலும் ஓடுகிற தண்ணீர். சூசை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்தார். பாலம் முடிந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை.

“ஒரு வாய் குடும்மா. தொண்டையை நனைக்கட்டும்.”

கண்டக்டர் குறுக்கே புகுந்தார். “சும்மா இரிங்க அண்ணாச்சி. குடிக்கக் குடிக்கப் போவும். வயித்தக் காயப் போட்டாத்தான் நிக்கும்.” பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். பஸ் முழுக்க வைத்தியர்கள்தான்.

ரோசம்மா என்னைப் பார்த்து, கோபமில்லாமல் சொன்னாள்: “இவுக வெறும் வயித்தோட கடலுக்குப் போற ஆளு. வயித்துல தண்ணி கெடந்தா மூச்சடக்க ஏலாதுன்னு, கரையேறுத வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. தாகத்தத் தாங்குன உடம்பு. ரெண்டு மணி நேரம் தாங்காதா?”

சூசை அதைக் கேட்டுச் சிரிக்கப் பார்த்தார். புகழ்ச்சிதானே! அதற்குப் பிறகு அவர் தண்ணீர் கேட்கவில்லை.

ஆறுமுகநேரியில் பஸ் நின்றபோது இறங்கி ஒரு கோலி சோடா வாங்கி நீட்டினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தாள். பையைத் திறந்து காட்டினாள். துணியில் சுற்றி ஒரு பாட்டில், கழுத்துவரை தண்ணீர். “நல்ல தண்ணி அண்ணாச்சி. காய்ச்சி ஆறவச்சது. டாக்டரம்மா சரின்னு சொன்ன ஒடனே குடுக்கதுக்கு.” அந்த ஊரைச் சுற்றியும் உப்பளம். நான் சோடாவைக் குடித்தேன். பாதியிலேயே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திருச்செந்தூரில் இறங்கும்போது சூசைக்குக் காலில் நரம்பு சுருட்டி இழுத்தது. நானும் கண்டக்டரும் தூக்கி இறக்கினோம். கல்யாணத்தை மறந்து குதிரை வண்டியில் கூடவே போனேன். டாக்டரம்மா வயதானவர். சூசையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது.

“வழியில தண்ணி ஏதும் குடுத்தியாம்மா?”

ரோசம்மா பாஸான பிள்ளை மார்க் சொல்வதைப் போலச் சொன்னாள்: “ஒரு சொட்டு குடுக்கல டாக்டரம்மா.”

டாக்டரம்மா அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “அந்தப் பாட்டிலத் தொற. மெதுவா ஊத்து” என்றார். ரோசம்மா அவசர அவசரமாகத் திறந்து ஊற்றினாள். தண்ணீர் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. விழுங்க அவருக்குத் தெம்பில்லை. நர்சு சலைன் ஏற்ற ஊசியை வைத்துக்கொண்டு இரண்டு கையிலும் காலிலும் நரம்பு தேடினார்; அகப்படவில்லை.

வெளியே வந்து டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: “போறது வெறும் தண்ணி இல்ல. ரத்தத்துல இருக்க உப்பும் சேந்து போயிருது. போகப் போகத் திருப்பி ஊத்தணும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி போதும், இளநி போதும். நின்னுட்டுன்னு சந்தோசமா வாராங்க. போறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லாமத்தான் நின்னிருக்கு.”

மதியம் கோயில் மணி அடித்தபோது சூசை போய்விட்டார். அந்தப் பாட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. ரோசம்மா அதை மூடி மறுபடியும் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். எங்கள் ஊரில் கடலும் இல்லை, சங்கு குளிப்பவரும் இல்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது பேதி கண்டால், என் அம்மா முதலில் எடுத்து ஒளிக்கிறது தண்ணீர்ச் செம்பைத்தான். இந்த நினைப்பு வழிநெடுக என்னை அறுத்தது. அந்தக் கடற்கரை ஆட்களை மட்டும் குறைசொல்லி என்ன?

“நேத்து அந்தச் சங்குக் குளியாளு என்ன ஆனாரு?” என்று கண்டக்டர் கேட்டார்.

சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லவேள அண்ணாச்சி,” என்றார், “நீங்க குடுக்கச் சொல்லியும் அந்தம்மா தண்ணியக் குடுக்கல. குடுத்திருந்தா பஸ்ஸுலயே போயிருப்பாரு.”